ஏலத்துக்கு வந்த ரயில் பெட்டி

கொழும்பு
12-3-1950

அன்புள்ள மாப்பிள்ளை ரத்தினத்துக்கு ராஜையன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் இங்கே நலம். நீயும் என் தங்கை பூங்கனியும் சுகமா? அவளுக்கு இருமல் நின்றதா? திப்பிலியை வறுத்துப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடு. பச்சையாகப் போட்டால் தொண்டையை அறுக்கும்.

கடியப்பட்டணம் மரியஜான், கருவாட்டு வியாபாரமாக இங்கே வந்துபோகிறவர், அவர் கையில் ஒரு மரப்பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். எங்கள் எஞ்சினியர் துரை வேலை முடிந்து சீமைக்குப் போய்விட்டார். அவர் மகனுக்கென்று வாங்கிப் பிரிக்காமலே கிடந்த சாமான் அது. போகும்போது எனக்குத் தந்தார். ரயில் வண்டியில் ஆட்கள் ஏறும் பெட்டி இருக்கிறதல்லவா, அதன் சிறு வடிவம். பொம்மை என்று நினைத்துவிடாதே, கட்டி முடித்தால் தோளிலிருந்து விரல் நுனி வரை நீளம் வரும். பலகை, சன்னல், தகரக் கூரை, இரும்புச் சக்கரம், திருகாணி எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். எது எங்கே என்று காட்டும் இங்கிலீஷ் காகிதமும் உள்ளே இருக்கிறது. அதைப் பார்த்துப் பூட்ட வேண்டியதுதான்.

நான் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை. ரயில்வேக்காரனுக்கு ஓய்வு எங்கே? உனக்கு நல்ல கை. கோயிலுக்கு நீ கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பற்றி இன்னும் பேசுகிறார்களாம். நம் ஊர்ப்பக்கம் ரயிலே கிடையாது. இதைப் பார்த்தாவது நான் என்ன வேலை செய்கிறேன் என்று நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

நம் கோயில் உபதேசியார் மகள் நேசப்பூவை எனக்குக் கேட்டிருப்பதாகப் பூங்கனி எழுதியிருந்தாள். உங்கள் இஷ்டமே என் இஷ்டம்.

அன்புடன்,
ராஜையன்


கொழும்பு
16-3-1950

மரியஜான் அண்ணாச்சிக்கு வணக்கம். சுகமாகக் கரை சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் கப்பலேறிய பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் துரை பங்களாவில் குசினிக்காரன் என்பது நம் ஊர்ப்பக்கம் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். வந்த வருஷம் ரயில் பட்டறையில் வேலை கிடைத்துவிடும் என்று நம்பினேன். நம்பிக்கையில் 'கிடைத்துவிட்டது' என்றே வீட்டுக்கு எழுதிவிட்டேன். கிடைக்கவில்லை. பசிக்கு ஒரு அடுப்படியில் நுழைந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். சமைப்பது ஒன்றும் கேவலமில்லை என்று எனக்கே நூறு தடவை சொல்லிக்கொள்கிறேன், ஆனால் ஊர் நினைவு வந்ததும் கூசுகிறது. அங்கே எல்லோரும் என்னை ரயில் பெட்டி கட்டுகிறவன் என்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது பெண் பேச்சும் வந்துவிட்டது. வெங்காயம் உரிக்கிற கை என்று தெரிந்தால் உபதேசியார் பெண் தருவாரா? பெட்டியைக் கொடுக்கும்போது யார் என்ன கேட்டாலும் வாயைத் திறந்துவிடாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். புதிதாக வந்திருக்கும் எஞ்சினியருக்கும் என் சமையல்தான். அடுத்த தடவை வந்தால் உங்களுக்குப் பிடித்த மாசிச் சம்பல் வைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ராஜையன்


மாங்குளவிளை
20-4-1950

அன்பான மச்சானுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் நலம். பூங்கனியின் இருமல் உங்கள் திப்பிலிக்குப் பயந்து ஓடிவிட்டது. உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

பெட்டி வந்தது. கூடவே ஊர்ப் பூனைகளும் வந்தன. மரியஜான் அதைக் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கொழும்பில் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். வாசம் போக இரண்டு நாள் வெயிலில் பரப்பி வைத்தோம். பூங்கனி பக்கத்திலேயே கம்புடன் காவல் இருந்தாள்.

துண்டுகளைப் பார்த்ததும் எனக்குச் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. சன்னல் சட்டம் ஒவ்வொன்றும் என்ன அழகு! பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருகிறேன். ஒரே ஒரு சங்கடம். இங்கிலீஷ் காகிதத்தில் உப்புத்தண்ணீர் இறங்கி, சக்கரத்தைப் பற்றிய பக்கம் கூழாகிவிட்டது. சக்கரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் உதடு போல விளிம்பு எழும்பியிருக்கிறது. அந்த விளிம்பு பெட்டிக்கு உள்பக்கமாக வரவேண்டுமா, வெளிப்பக்கமாகவா? ரயிலைக் கண்ணால் கண்டிராதவன் நான். வடக்கே மார்த்தாண்டத்தைத் தாண்டியதில்லை, கிழக்கே ஆரல்வாய்மொழியைத் தாண்டியதில்லை. நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

இன்னொரு சந்தோஷம். இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் வாழைக்குலையும் மட்டும் போதாது, அவரவர் கைத்தொழிலின் பலனையும் படைக்க வேண்டும் என்று சபைப் போதகர் ஐயர் சொல்லிவிட்டார். படைத்ததை எல்லாம் வழக்கம்போல ஏலம் விடுவார்கள். இந்தப் பெட்டியை உங்கள் பெயரில் படைக்கப்போகிறோம். துண்டுகள் சீமையில் இருந்து வந்தாலும் வித்தை உங்களுடையது, நீங்கள் சொல்கிறபடி பூட்டுகிறவன்தானே நான். உபதேசியாரிடம் சொன்னேன், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

தங்கள் அன்புள்ள,
ரத்தினம்


கொழும்பு
2-7-1950

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நான் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். இங்கே வேலை மிகுதி, அதனால்தான் பதில் தாமதம்.

விளிம்பு வெளிப்பக்கம்தான். மாட்டுவண்டிக்குக் கடையாணி எங்கே இருக்கிறது? வெளியேதானே? சக்கரம் நழுவாமல் அதுதானே பிடிக்கிறது? ரயிலுக்கும் அப்படியே. இதில் சந்தேகமே வேண்டாம். தினமும் கையில் எடுக்கிற சாமான் எனக்குத் தெரியாதா?

பூங்கனிக்கு என் அன்பு.

ராஜையன்


மாங்குளவிளை
25-8-1950

அன்பான மச்சானுக்கு, கர்த்தர் உங்களைச் சுகத்தோடு காத்துவருவாராக. நாங்கள் சுகம்.

பெட்டி முடிந்தது! நீங்கள் எழுதியபடியே சக்கரங்களை மாட்டினேன். அடர்ந்த சிவப்பு வண்ணம் பூசினேன். கூரைக்குச் சாம்பல் நிறம். கதவு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திறந்து மூடுகிறது. உள்ளே இருக்கைகளுக்குப் பூங்கனி பச்சைத் துணி தைத்துப் போட்டாள். அவளுக்கு வந்திருக்கும் பெருமையைப் பார்த்தால் அடுத்த வண்டியில் கொழும்புக்கு ஏறிவிடுவாள் போலிருக்கிறது.

உபதேசியார் குடும்பத்தோடு வந்து பார்த்தார். நேசப்பூவும் வந்தாள். எல்லோரும் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் தரையில் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு பூங்கனியிடம் மெதுவாக, "அவியளுக்கு அங்க சோறு யாரு அக்கா பொங்கிக் குடுக்கா?" என்று கேட்டாள். "ஓட்டல்ல உண்ணுவான்" என்றாள் பூங்கனி. அந்தப் பெண் "அய்யோ பாவம்" என்றது எனக்கே கேட்டது. மச்சான், நீங்கள் பாக்கியசாலி.

அன்புள்ள,
ரத்தினம்


கொழும்பு
18-9-1950

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, சுகம். உங்கள் சுகம் வேண்டுகிறேன்.

பெட்டியை என் பெயரில் படைக்க வேண்டாம். கட்டியது நீ. உன் பெயரில் படைப்பதுதான் நியாயம். ஆண்டவர் சன்னிதியில் என் பெயரைச் சொல்லி அதை வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. காரணம் கேட்காதே. இந்தக் கடிதம் பண்டிகைக்கு முன்னால் வந்து சேர வேண்டுமே என்று கவலையாக இருக்கிறது.

ராஜையன்


மாங்குளவிளை
15-10-1950

அன்பான மச்சானுக்கு ஸ்தோத்திரம். நாங்கள் நலம், தங்கள் நலம் கோருகிறோம்.

உங்கள் கடிதம் பண்டிகைக்கு முன்பே வந்தது. உபதேசியாரிடம் காட்டினேன். "பாத்தீரா, என்ன தாழ்மை!" என்று சொல்லி, உங்கள் பெயரையே பட்டியலில் எழுதிவிட்டார். பண்டிகையன்று பீடத்தின் முன்னால் பெட்டியை வைத்து, 'கொழும்பு ரயில்வேயில் பெட்டி கட்டும் சகோதரன் ராஜையனின் கைப்பலன்' என்று ஐயர் வாசித்தார்.

ஏலத்துக்கு ஊரே திரண்டிருந்தது, கோயிலுக்கு வராதவர்களும்கூட. பெட்டியை உபதேசியாரே விடாமல் கேட்டு எடுத்தார். மருமகன் செய்த சாமான் வெளியே போகக்கூடாதாம். ஓட்டிக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே ஆசாரியைக் கொண்டு பூவரச மரத்தடியில் மரத்தில் தண்டவாளம் செய்து வைத்திருந்தார், ஒரு வளைவோடு. கயிறு கட்டி இழுத்தார்கள். நேரே போகும்வரை நன்றாகத்தான் போனது. வளைவில் சரிந்து குப்புற விழுந்து கூரை தனியாகப் போய்விட்டது.

திருவனந்தபுரத்தில் ரயில்வே கார்டு வேலை பார்க்கும் பகவதியப்பன் லீவில் வந்திருந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விளிம்பு உள்ளயில்லா இருக்கணும்! இத ஆரு வெளிய மாட்டுனது? ரயிலு பெட்டிக்கு அடியில ஒரு நாளாவது குனிஞ்சி பாத்தவன் இப்பிடி மாட்டுவானா?" என்றார். உபதேசியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள எழுதுனபடிதான மாட்டுனீரு?" என்று கேட்டார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"அவிய உள்பக்கம்னு தெளிவா எழுதியிருந்தாவ. நாந்தான் மறிச்சி மாட்டிட்டேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உபதேசியாருக்கு மூச்சு வந்தது.

ஆகையால் மச்சான், தவறு என்னுடையது. நீங்கள் எழுதியதை நான் சரியாக வாசிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். சக்கரங்களைக் கழற்றி மாற்றி மாட்டிக் கொடுத்துவிட்டேன், இப்போது வளைவிலும் ஓடுகிறது. வருகிற மே மாதம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று உபதேசியார் சொல்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள,
ரத்தினம்


கொழும்பு
20-11-1950

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நடந்ததைப் பற்றி வருத்தப்படாதே. யாருக்கும் வருகிற பிழைதான். அடுத்த முறை கவனமாக வாசி. நிச்சயம் பற்றி நீங்கள் முடிவு செய்தது எனக்குச் சம்மதம்.

ராஜையன்


மாங்குளவிளை
28-1-1951

அண்ணனுக்குப் பூங்கனி எழுதுவது. நீ சுகமாக இருப்பாய். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் கையெல்லாம் பசையாக இருந்ததால் உன் ஜூலை மாதக் கடிதத்தை வாசித்துக் காட்டியது நான். வெளிப்பக்கம் என்றுதான் எழுதியிருந்தாய். கடையாணிக் கதையும் சொல்லியிருந்தாய். ஏலத்தில் அவர் எழுந்து நின்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். நீயும் என் கூடப் பிறந்தவனாயிற்றே, அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ஊரில் அவருக்கு இப்போது 'வெளிவிளிம்பு சார்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்த அன்று கரும்பலகையில் யாரோ சக்கரம் வரைந்து வைத்திருந்தார்களாம். இன்ஸ்பெக்டர் என்ன என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. வெளியே அவரும் சேர்ந்து சிரிக்கிறார். வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டச் சொல்லி வந்தவர்களிடம் கை வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நீ தெரியாமல் எழுதினாய் என்றால் அது போகட்டும். 'கவனமாக வாசி' என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஒங்க அண்ணன் என்னமோ சங்கடத்துல இருக்காவ பூங்கனி, விடு" என்றார்.

உனக்கு அங்கே என்ன வேலை அண்ணா? உண்மையைச் சொல். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பூங்கனி


கொழும்பு
3-4-1951

அன்புள்ள பூங்கனிக்கும் மாப்பிள்ளைக்கும், உங்கள் சுகத்தை விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன்.

பூங்கனி, உன் கடிதத்துக்கு இதற்கு முன்னால் எழுதிய பதில்களைத் தபாலில் போடவில்லை. அவற்றிலும் சாக்குத்தான் இருந்தது.

நான் எஞ்சினியர் வீட்டில் சோறு பொங்குகிறேன். வந்த நாள் முதல் அதுதான் வேலை. பட்டறை வாசலைத் தாண்டியதில்லை. மாப்பிள்ளை விளிம்பைப் பற்றிக் கேட்டபோது ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் நின்றால் சக்கரம் சரியாகத் தெரியவில்லை. ஒரு கூலியிடம் கேட்க வாயெடுத்தேன், வெட்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன். பிறகு மாட்டுவண்டியை நினைத்து ஒரு கணக்குப் போட்டு எழுதினேன்.

மாப்பிள்ளை, ஏலத்தைப் பற்றி நீ எழுதியதை வாசித்த நிமிஷமே என் பொய் உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. நீ எனக்கு ஒளிய இடம் கொடுத்தாய். நான் ஒளிந்ததோடு நிற்காமல் உனக்குப் புத்தியும் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை.

இங்கே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு எழுதுவதும் ஒளிவதுதான். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் உண்டல்லவா, சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உண்ணும் சாப்பாடு? இந்த வருஷம் அதற்குச் சமையல் நான்தான் என்று கமிட்டியில் சொல்லிவிடு. ஊர் பார்க்கக் கரண்டி பிடிக்கிறேன். அதற்கு முன்னால் உபதேசியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. வெளிப்பக்கம் என்று எழுதியவன் நான் என்பதையும் சொல். பெண்ணைப் பற்றி அவர் எப்படி முடிவு செய்தாலும் சரி.

ராஜையன்


மாங்குளவிளை
27-5-1951

அண்ணனுக்குப் பூங்கனி எழுதுவது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியில் ஏதாவது சாப்பிட்டாயா? இதைக் கேட்கும்போதே அழுகை வருகிறது.

நீ வந்த அன்று வீட்டுக்குக்கூட வராமல் தகரப் பெட்டியோடு நேரே கோயில் வளவுக்குப் போனாய். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டினாய். ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. "ரயிலு பெட்டி கட்டுதவன பாருங்கலே, அண்டாவ கெட்டிப்புடிச்சிட்டு நிக்கான்" என்று ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்டிருக்கும். நீ நிமிரவில்லை. என் வீட்டுக்காரர் உன் பக்கத்தில் போய் உட்கார்ந்து விறகு பிளந்தார். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

எல்லாவற்றையும் இவர் வாயால் முன்பே கேட்டிருந்த உபதேசியார் ஒருதரம் அடுப்புப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனார். ஆராதனை முடிந்து பந்திக்கு மணி அடித்தபோது பார்த்தால் நீ இல்லை. கறியை இறக்கி, சோற்றை மூடி, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு ஓடிவிட்டாய். நாகர்கோவில் பஸ்ஸில் உன்னைப் பார்த்ததாக மரியஜான் பிறகு சொன்னார். இத்தனை தூரம் வந்தவனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் நிற்கத் தைரியம் வரவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

 சாப்பிட்டவர்கள் கறியை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். காலையில் கேலி பேசியவனும் மூன்றாம் தரம் வாங்கினான். பகவதியப்பனும் வந்திருந்தார். அவரிடம் இவரே போய், "உள்பக்கம்னு எழுதுனாவன்னு நான் சொன்னது பொய்யாக்கும்" என்றார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் இவர் என்னோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பந்தி தொடங்கும்போதே உபதேசியார், "சமச்சவனுக்கும் ஒரு எல போடுங்க" என்று சொல்லியிருந்தார். அவருக்குப் பக்கத்திலேயே போட்டோம். எல்லோரும் உண்டு எழுந்தும் அது அப்படியே கிடந்தது. ஊர் பார்க்க அது காலியாகக் கிடப்பது எனக்கு அவமானமாக இருந்தது. எடுத்து மடக்கிவிடலாம் என்று போனேன். நேசப்பூ விடவில்லை. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தாள்.

"கெடக்கட்டும் மைனி. அவிய வந்து உண்ணட்டும்" என்றாள்.

அதுவரை என்னை அக்கா என்று கூப்பிட்டவள், நாத்தனார் முறை வைத்து மைனி என்றாள். உபதேசியார் கேட்டுக்கொண்டுதான் நின்றார், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

ஓடாமல் இருக்க ஒருதரம் வா அண்ணா.

உன் தங்கை,
பூங்கனி